இடது பக்கம் சாய்ந்த கொண்டை

விசைப்படகில் இருபத்தாறு வருடம் கடலுக்குப் போய் வந்த சுப்புராயன், ஐம்பத்தோராவது வயதில் முட்டைகளை வயிற்றில் கட்டிக்கொண்டு அடைகாத்ததற்கு நகர்ப்புற வளர்ப்புப் பறவை அடையாள வாரியம்தான் காரணம். இதை வாரியத்திடம் சொன்னால் ஒப்புக்கொள்ளாது. அடைகாப்பது பற்றி எங்கள் விதிகளில் ஒரு வரிகூடக் கிடையாதே என்று கேட்கும். கேள்வி நியாயமானதுதான். அந்த ஒரு வரி இல்லாமல் போனதால்தான் இவ்வளவு கூத்தும் நடந்தது.

வாரியம் பிறந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கோ ஒரு மாநிலத்தில் கோழிகளுக்குக் காய்ச்சல் வந்தது. சென்னையில் மொத்தம் எத்தனை கோழி இருக்கிறது என்று மேலிடத்தில் யாரோ கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்விக்கு வாரியம் அமைப்பது நம் வழக்கம், அமைத்தார்கள். எண்ணக் கிளம்பியவர்கள் ஒரே சேவலைத் தண்டையார்பேட்டையின் மூன்று தெருக்களில் மூன்று தடவை எண்ணிவிட்டு வந்தார்கள். அப்படியானால் கோழிக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்று முடிவானது. காலில் ஆளுக்கொரு வளையம் மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று அலுவலகத்துக்கு டீ வாங்கி வருகிறவர் சொன்னார். செலவில்லாத யோசனை, அதிலும் டீ வாங்கி வருகிறவர் சொன்ன யோசனை. அது கூட்டக் குறிப்பில்கூட ஏறவில்லை. ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று பதினோரு நாள் இத்தாலிக்குப் போய் வந்தது. வந்து இறங்கிய கையோடு அறிவித்தது: மனிதனுக்குக் கைரேகை, கோழிக்குக் கொண்டை.

கொண்டையில் எட்டு வகை என்று வாரியம் ஒரு படம் அச்சடித்தது. ஒற்றைக் கொண்டை, பட்டாணிக் கொண்டை, ரோஜாக் கொண்டை என்று வரிசையாக எட்டுத் தலை. ‘ஒரு கோழி, ஒரு கொண்டை, ஒரு அட்டை’ என்று வடசென்னை முழுக்கச் சுவரில் எழுதினார்கள். எழுதியதில் பாதி மூலக்கொத்தளம் இடுகாட்டுச் சுவரில். அங்கே கோழி வளர்ப்பவர் யாரும் இல்லை. ஆனால் சுவர் நல்ல நீளம்.

ஏப்ரல் கடைசியில் கொண்டை ஆய்வாளர் வல்லரசு திருவொற்றியூர்க் குப்பத்துக்கு வந்தான். வியாசர்பாடிக்காரன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒப்பந்த அடிப்படையில் வாரியத்தில் சேர்ந்தவன். வேலைக்கு எடுக்கும்போது கோழியைப் பற்றி அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. சொந்தமாக, மில்லிமீட்டர் அளக்கும் வெர்னியர் காலிப்பர் வைத்திருக்கிறாயா என்று மட்டும் கேட்டார்கள். வைத்திருந்தான்.

அது தடைக்காலம். கடலில் மீன் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று விசைப்படகுகளை அறுபத்தொரு நாள் கரையில் கட்டிப்போட்டிருக்கும் காலம். சுப்புராயன் பனியனோடு வாசல் நிழலில் கிடந்தான். தலையில் எப்போதும் போலச் சிவப்புத் துண்டு. அவன் கட்டுகிற விதத்தில் துண்டின் முனை இடது பக்கமாகச் சாய்ந்து தொங்கும். கல்யாணத்தன்றும் அப்படித்தான் தொங்கியது. மனைவி பவுனம்மாள் கருவாட்டுக் கூடையோடு சந்தைக்குப் போயிருந்தாள். அந்த வீட்டில் கோழி என்பது முழுக்க முழுக்கப் பவுனம்மாளின் இலாகா. கோழி எத்தனை, எங்கே முட்டை இடுகிறது, எப்போது மேயப் போகிறது என்று அவனுக்கு எதுவும் தெரியாது. தெரியாதவன் தெரியாது என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வல்லரசிடம் இருந்த படம் நகலுக்கு நகல் எடுத்த நகல். எட்டுத் தலையும் எட்டு மைத்துளியாகக் கிடந்தன. வீட்டில் இருந்த ஒரே கோழி மினுக்கி, எதிரே வந்து நின்று ஆய்வாளரின் ஷூ லேஸைக் கொத்திப் பார்த்தது. படத்தையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்த வல்லரசு, கடைசியில் சுப்புராயனிடமே கேட்டான், அண்ணே, இது எந்த வகை என்று.

ஒரு உயிரினத்தின் முதுகிலோ தலையிலோ சிவப்பாக எதையாவது பார்த்தால் சுப்புராயனுக்கு மீன்தான் ஞாபகம் வரும். எழுந்து உட்கார்ந்து மினுக்கியை வலையிலிருந்து எடுத்ததைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தான்.

“சங்கரா நைனா. சங்கரா மீனுக்கு முதுவுல முள்ளு முள்ளா நிமிந்து கீது பாரு, அத்தே தான் இது.”

வல்லரசு அளந்தான், முனைகளை எண்ணினான், எழுதிக்கொண்டு போனான். பத்தாம் நாள் பிளாஸ்டிக் அட்டை வந்தது. பறவையின் பெயர்: மினுக்கி. கொண்டை: சங்கரா வகை, சிவப்பு, ஐந்து முனை, இடது பக்கம் சாய்ந்தது. பவுனம்மாள் அதை வாங்கிக் காலண்டர் ஆணியில் மாட்டினாள். குடும்ப அட்டையில் தன் பேரைத் திருத்த மூன்று வருடமாக அலைகிறவள் அவள். கோழிக்குப் பத்து நாளில் வந்துவிட்டதே என்று ஒரு சொல் சொன்னாள், அவ்வளவுதான்.

மே மாதம் இரண்டாவது வாரம் மினுக்கி அடையில் உட்கார்ந்தது. போன மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறி, ஏழு கோழியில் ஆறு போய், பரண் மேல் ஏறிப் பிழைத்த ஒன்றுதான் மினுக்கி. ஆகவே பவுனம்மாள் நாள் பார்த்து, பழைய அலுமினிய அன்னக்கூடையில் உமி பரப்பி, இடிக்கு முட்டை கலங்காதிருக்க ஒரு இரும்பு ஆணி போட்டு, பதினோரு முட்டை வைத்தாள். மாதவரத்தில் கட்டிக்கொடுத்த மகள் வினிதாவுக்கு நாலு குஞ்சு என்று போனில் சொல்லியும் ஆகிவிட்டது. போன கோழிகளையெல்லாம் இந்தப் பதினொன்றில் திரும்ப எடுத்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு.

அடையில் உட்கார்ந்த கோழி சரியாகத் தின்னாது, முட்டை இடாது, அதன் கொண்டையில் ரத்தம் இறங்கிச் சுருங்கி வெளுத்துப் போகும். இது கோழி வளர்க்கிற எல்லாருக்கும் தெரியும். வாரியத்துக்குத் தெரியாது.

ஆறாம் நாள் சரிபார்ப்புக்கு வல்லரசு வந்தான். அன்றைக்கும் பவுனம்மாள் சந்தையில். அட்டையில் சிவப்பு, கோழித் தலையில் வெளுப்பு. அட்டையில் இடது சாய்வு. தலையில் இருந்ததோ விரல் நகம் அளவுக்குச் சுருங்கி நேராக நின்றது. காலிப்பரை வைத்து மூன்று தரம் அளந்தான். பாவம், அவனுக்கே முகம் சுண்டிவிட்டது. அண்ணே, இது மினுக்கி இல்லை, வேறு ஏதோ கோழி மினுக்கியின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, விதி பதினேழின்படி இது கோழி மாறாட்டம் என்றான். மாறாட்டம் செய்யத் தன்னிடம் இன்னொரு கோழி இருந்தால் தானே என்று சுப்புராயன் கேட்டான். அதை விசாரணையில் சொல்லுங்கள் என்று வல்லரசு கையெழுத்து வாங்கிக்கொண்டு, கோழியைக் கூடையில் கவிழ்த்து, ‘அடையாளம் தெரியாத பறவை, எண்ணிக்கை ஒன்று’ என்று ரசீது கொடுத்து, பைக்கில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

பவுனம்மாள் வந்தாள். ரசீதைப் பார்த்தாள். உமியில் கிடந்த பதினோரு முட்டையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடு இருந்தது.

“கொண்டய பத்தி உன்ன எவன்யா கேட்டான்?” என்றாள்.

அதுதான் அவள் அவனிடம் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கிடையாது. குப்பத்தில் அந்த நேரத்தில் அடையில் இருந்த வேறு கோழியும் கிடையாது. அவள் தன் பழைய பருத்திப் புடவை ஒன்றை நீளவாக்கில் கிழித்தாள். புருஷனை எழுப்பி நிற்க வைத்தாள். நாலு, நாலு, மூன்று என்று மூன்று வரிசையாகப் பதினோரு முட்டையையும் அவன் வயிற்றில் வைத்துச் சுற்றிக் கட்டினாள். சுப்புராயன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். மறுக்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

கத்திரி வெயில் ஒரு பக்கம் உதவியது. வயிற்றுச் சூடு ஒரு பக்கம். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை முட்டையைப் புரட்ட வேண்டும். குப்புறப் படுக்கக் கூடாது, சட்டென்று குனியக் கூடாது, தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கரையேற்றிய ஃபைபர் படகின் நிழலில் சீட்டாடுகிறவர்கள், மாமு, எத்தினி மாசம் என்று கேட்டார்கள். சிரித்தால் முட்டை மோதும் என்பதால் அவன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. இருபத்தாறு வருடத்தில் அவன் இவ்வளவு நிதானமாக இருந்ததைக் குப்பம் பார்த்ததில்லை.

ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கில்தான் வாரியத்தின் வடக்கு மண்டல அலுவலகம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோ குதித்துக் குதித்துப் போனது. மெதுவாகப் போப்பா, வயிற்றில் இருக்கிறது என்று சுப்புராயன் சொன்னதும், ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி எழுந்து தன் இடத்தைக் கொடுத்தாள். என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அலுவலகம் போய்ச் சேரும் வரையில் அன்று அவனுக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

கவுன்டரில் ஃபர்ஹான் என்ற எழுத்தர் இருந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களைத்தான் கவுன்டரில் உட்கார வைப்பார்கள், திட்டு வாங்குவதற்கு. அவருக்குப் பின்னால் கம்பிக் கூண்டில் மினுக்கி நின்றிருந்தது. சுப்புராயனைப் பார்த்ததும் கொக்கரித்தது.

கோழியை மீட்க என்ன வழி என்று சுப்புராயன் கேட்டான். ஃபர்ஹான் சொன்ன வழி இது. கோழியை மீட்க அதன் அட்டை வேண்டும். அட்டை இருக்கிறது, ஆனால் அது மினுக்கியின் அட்டை. கூண்டில் இருப்பது அடையாளம் தெரியாத பறவை. அது மினுக்கிதான் என்று நிரூபிக்க அதன் புகைப்படம் வேண்டும். அடையாளம் தெரியாத பறவையைப் படம் எடுக்க அனுமதி இல்லை. இதெல்லாம் இருக்கட்டும், முதலில் மினுக்கி எங்கே என்று அலுவலகம் கேட்கும். பதிவான பறவை ஒன்று வீட்டில் இல்லை என்றால் ஏழு நாளுக்குள் காணவில்லை என்று புகார் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உரிமையாளர் மேல் தனியாக ஒரு நடவடிக்கை வரும்.

ஆக, மினுக்கியைப் பார்த்துக்கொண்டே மினுக்கியைக் காணவில்லை என்று சுப்புராயன் எழுதிக் கொடுத்தான். கடைசியாகப் பார்த்த இடம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டான். ஃபர்ஹான் திரும்பிக் கூண்டைப் பார்த்துவிட்டு, அதை நான் காலியாகவே விட்டுவிடுகிறேன் நைனா என்றார்.

அடுத்த சிக்கல் வயிறு. பதிவு செய்யாத முட்டையை அலுவலக வளாகத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. முட்டைக்குப் பதிவு செய்ய அடைகாக்கும் தரப்பின் விவரம் வேண்டும். அதில் கொண்டை வகை என்று ஒரு கட்டம். கணினியில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. ‘இல்லை’ என்று போட்டாலும் திறக்காது. ஃபர்ஹான் கொஞ்ச நேரம் யோசித்தார். சுப்புராயனின் தலையைப் பார்த்தார். சிவப்புத் துண்டைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுத் தட்டினார்: சிவப்பு, இடது பக்கம் சாய்ந்தது. முனை எத்தனை என்று கணினி கேட்டது. துண்டின் நூல் முடிச்சுகளை எண்ணினார், ஐந்து. வகை என்று கேட்டது. பட்டியலில் முதலில் இருந்ததை அழுத்தினார். பட்டியலில் அந்த வாரம் புதிதாகச் சேர்ந்து முதலிடத்தில் நின்றது சங்கரா வகை.

இப்படித்தான் சுப்புராயனுக்கு ஒரு எண் கிடைத்தது. அந்தத் துண்டு மட்டும் தலையில் இருக்கட்டும், உள்ளே வரும்போதெல்லாம் சரிபார்ப்பார்கள் என்று ஃபர்ஹான் தணிந்த குரலில் சொல்லி அனுப்பினார்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் பவுனம்மாள் ஜன்னலைச் சாத்தி, முட்டை ஒவ்வொன்றையும் எடுத்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். இரண்டு முட்டை வெறுமனே மஞ்சளாகத் தெரிந்தன, அவற்றை ஒதுக்கினாள். மற்ற ஒன்பதிலும் சிவப்பாக நரம்பு ஓடியது. ஒன்றில் கறுப்பாக ஏதோ துடித்தது. அவள் டார்ச்சை அவன் பார்க்கும்படி திருப்பிப் பிடித்தாள். டன் டன்னாக மீனைப் பிடித்துக் கொட்டியவன், உயிர் உள்ளிருந்து துடிப்பதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தான். அன்றிலிருந்து புரட்டுவதற்கு அவனை யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

அலுவலகத்தில் இதற்கிடையே விசாரணை மும்முரமாக நடந்தது. அதாவது, தினமும் காலையில் வல்லரசு கூண்டைத் திறந்து கொண்டையை அளந்து பதிவேட்டில் எழுதினான். கம்பிக் கூண்டில் உமி இல்லை, முட்டை இல்லை, காற்றுதான் இருந்தது. அப்படி வைத்தால் எந்தக் கோழிக்கும் நாலைந்து நாளில் அடை தெளிந்துவிடும். மினுக்கிக்கும் தெளிந்தது. ஃபர்ஹான் தன் சாப்பாட்டில் ஒரு பிடி எடுத்துப் போட்டார். அது தின்றது, தெம்பானது, கொண்டையில் ரத்தம் ஏறியது. பதிவேட்டில் மில்லிமீட்டர் ஏறிக்கொண்டே போனது. ‘பறவை விசாரணைக்கு நல்ல ஒத்துழைப்பு அளித்து வருகிறது’ என்று வல்லரசு குறிப்பு எழுதினான். அவன் கெட்டவன் இல்லை. நடப்பதை எழுதினான்.

இருபத்தோராம் நாள் காலை பதினொரு மணிக்கு விசாரணை என்று கடிதம் வந்தது. முந்தைய நாளே ஒரு முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் கேட்டிருந்தது. இன்றைக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா என்று சுப்புராயன் யோசித்தான். விசாரணைக்கு வராவிட்டால் கோழி ஏலத்துக்குப் போகும் என்று கடிதத்தின் அடியில் இருந்தது. பொரிக்கும் நேரத்தில் தாய் பக்கத்தில் இருந்தால் நல்லது, எப்படியும் இன்று மினுக்கி கிடைத்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கிளம்பினான். பவுனம்மாள் வயிற்றுக் கட்டின் மேல் இன்னொரு துணி சுற்றிவிட்டாள்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நடுவில் மண்டல இணை இயக்குநர் வரலட்சுமி. இத்தாலிக்குப் போன ஐவரில் ஒருவர். இரு பக்கமும் இருந்த இருவரும் அவர் பேசும்போது தலையாட்டுவதற்காக நியமிக்கப்பட்ட உறுப்பினர்கள். அந்த வேலையை அவர்கள் குறைவில்லாமல் செய்தார்கள். மேஜை மேல் கூண்டு. மினுக்கி முறுக்காக நின்றது. அதன் கொண்டை பழையபடி சிவந்து, தடித்து, இடது கண்ணை மறைத்துக்கொண்டு சாய்ந்திருந்தது.

இணை இயக்குநர் எழுந்து நின்று பேசினார். இருந்தது ஆறு பேர்தான், ஆனாலும் மைக் வைத்திருந்தார்கள்.

“வாரியம் வருவதற்கு முன்னால் இந்த நகரத்துக் கோழிகள் தாங்கள் யார் என்றே தெரியாமல் வாழ்ந்து, தெரியாமலே குழம்பாகிக் கொண்டிருந்தன. இன்று ஒவ்வொரு கோழியும் தன் வகை தெரிந்து குழம்பாகிறது. இது சாதாரண மாற்றம் அல்ல. சங்கரா வகையையே எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியின் மலைக் கிராமங்களில் மட்டுமே இருந்த அபூர்வமான கொண்டை அது. நானே நேரில் பார்த்திருக்கிறேன். அது நம் திருவொற்றியூரில் இருப்பதைக் கண்டுபிடித்தது இந்த வாரியம். சென்ற வாரம் நாற்பது ஆய்வாளர்களுக்கு அதில் பயிற்சியும் கொடுத்திருக்கிறோம்.”

சங்கரா எந்த மலையில் ஏறியது என்று கேட்கச் சுப்புராயன் வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்து வயிற்றில் மூன்றாவது முட்டை விரிசல் விட்டது, கேள்வியை விழுங்கிவிட்டான். கோழி அடையில் உட்கார்ந்தால் கொண்டை சுருங்கும், எழுந்தால் மறுபடி வளரும், இதில் மாறாட்டம் எதுவும் இல்லை என்று குப்பத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்லிப் பார்த்தான். எத்தனை நாளில் எத்தனை மில்லிமீட்டர் சுருங்கும், எந்த அரசாணையின்படி என்று இணை இயக்குநர் கேட்டார். கொண்டையை மாற்றிக்கொள்ள நினைக்கும் கோழி முப்பது நாள் முன்னதாக எழுத்து மூலம் தெரிவித்திருக்க வேண்டும் என்று இடது பக்கத்து உறுப்பினர் எடுத்துக் கொடுத்தார்.

சுப்புராயன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

“மீனு குஞ்சு பொரிக்கணும்னு எங்கள அறுவத்தியோரு நாளு கரையில குந்த வச்சீங்க மேடம். சரின்னு குந்திகினோம். கோயிக்கு ஒரு இருவத்தியோரு நாளு குட்க்கக் கூடாதா?”

இணை இயக்குநர், மீன் வேறு துறை என்றார்.

கொண்டை அளக்கப்பட்டது. வல்லரசு காலிப்பரைப் பிடிக்க, உறுப்பினர்கள் குனிந்து பார்க்க, முனைகளை இணை இயக்குநரே தொட்டு எண்ணினார். சங்கரா வகை, சிவப்பு, ஐந்து முனை, இடது பக்கம் சாய்ந்தது. அட்டையில் இருந்தது அப்படியே தலையில் இருந்தது. பதினாறு நாள் இடைவிடாத விசாரணையில் காணாமல் போன கோழியை வாரியம் கண்டுபிடித்துவிட்டது என்று அவர் அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். கைதட்டலில் சுப்புராயனின் வயிற்றிலிருந்து கீச் கீச்சென்று வந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

அவன் அவசரமாகப் புடவைத் துணியை அவிழ்த்து மேஜை மேல் விரித்தான். ஓட்டை உடைத்துக்கொண்டு ஈரமாக மூன்று குஞ்சு வெளியே வந்திருந்தது. நாலாவது மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. கூண்டைத் திறந்து மினுக்கியை எடுத்து, ஒரு பச்சைப் பிள்ளைக்காரியை உட்கார வைப்பது போல மெல்லக் குஞ்சுகளின் பக்கத்தில் விட்டான். அவன் இத்தனை நாள் காத்திருந்தது இந்த நிமிஷத்துக்காகத்தான்.

மினுக்கி தலையைச் சாய்த்துக் குஞ்சுகளைப் பார்த்தது. எட்டிப் பக்கத்தில் இருந்ததை நறுக்கென்று ஒரு கொத்து கொத்தியது. குஞ்சு சுருண்டு விழுந்து கத்தியது. மினுக்கி அதைத் தாண்டி, கோப்புகளின் மேல் நடந்து, ஃபர்ஹானின் சாப்பாட்டுப் பை இருந்த மூலைக்குப் போய்க் கிளறத் தொடங்கியது. அடை தெளிந்த கோழிக்குக் குஞ்சு என்பது கண்ட இடத்தில் ஓடும் ஏதோ ஒன்று. அதன் மேல் குற்றம் இல்லை.

சுப்புராயன் அடிபட்ட குஞ்சை உள்ளங்கையில் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

“கொண்ட வந்துட்ச்சு மேடம்,” என்றான். “தாயி பூட்ச்சு.”

இணை இயக்குநருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாய்மை வாரியத்தின் வரம்பில் வராது என்று சொன்னார். ஆனால் பிறந்த குஞ்சுகளைப் பதிவு செய்யாமல் வெளியே அனுப்ப முடியாது, அது வரம்பில் வரும். தாய்ப் பறவை யார் என்று கேட்டார். ஃபர்ஹான் கணினியைப் பார்த்து, அடைகாத்த தரப்பின் எண்ணைப் படித்தார். கொண்டை: சங்கரா வகை, சிவப்பு, ஐந்து முனை, இடது பக்கம் சாய்ந்தது. மூன்று பேரும் மினுக்கியைப் பார்த்தார்கள். பிறகு சுப்புராயனின் தலையைப் பார்த்தார்கள். காலிப்பரை எடுத்த வல்லரசு, அதைத் துண்டருகே கொண்டுபோய்விட்டு, பொருந்துகிறது என்று சொல்லித் தரையைப் பார்த்தான்.

ஒரே அடையாளத்தில் இரண்டு பேர் இருப்பது வாரிய வரலாற்றில் முதல் தடவை என்பதால் அரை மணி நேரம் விவாதம் நடந்தது. அதற்குள் மீதிக் குஞ்சுகளும் வந்துவிட்டன. மொத்தம் ஒன்பது. முடிவில் இருவருக்கும் அட்டை உண்டு என்றும், குஞ்சுகளுக்குத் தாய்ப் பறவை சுப்புராயன் என்றும், தாய்ப் பறவை அவ்வப்போது நேரடிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது என்றும் தீர்மானமானது. பதிவுக்கும் உண்மைக்கும் வித்தியாசமே இல்லாமல் அந்த வாரியம் எழுதிய ஒரே தீர்மானம் அதுதான் என்று தோன்றுகிறது. ஒன்பது குஞ்சும் அவன் அக்குளுக்கும் பனியனுக்கும் இடையே புகுந்துகொண்டு தூங்கிப்போயின.

மினுக்கி வீட்டுக்கு வந்தது. தினமும் ஒரு முட்டை இட்டது. குஞ்சுகளைக் கிட்டே சேர்க்கவில்லை. குஞ்சுகள் சுப்புராயன் போகும் இடமெல்லாம் போயின. அவன் கொல்லைக்குப் போனால் வாசலில் ஒன்பதும் வரிசையாக நின்றன. கோழி வந்துவிட்டது, ஆனாலும் தாயாக வரவில்லை. அவனிடம் பேசுவதா வேண்டாமா என்று பவுனம்மாளுக்கு முடிவு தெரியவில்லை. ஆகவே குஞ்சுகளிடம் பேசினாள். கஞ்சி ஆறுகிறது என்று உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள் என்பாள். சுப்புராயன் வந்து குடிப்பான். மாதவரத்திலிருந்து வினிதா போன் செய்து என் நாலு குஞ்சு எங்கே என்று கேட்டபோது, அதை உன் அப்பனைக் கேள், அவன் பெற்றது என்று வைத்துவிட்டாள்.

ஜூன் பதினைந்தாம் தேதி காலை. தடைக்காலம் முடிந்து காசிமேட்டில் படகெல்லாம் கிளம்பின. ஐஸ் ஏற்றுகிற சத்தம், டீசல் புகை, பட்டாசு. சுப்புராயன் படகில் ஏறிவிட்டான். பவுனம்மாள் கருவாட்டுக் கூடையில் ஒன்பது குஞ்சோடு படகுத்துறையில் நின்றாள். அவன் குரல் கேட்காவிட்டால் அவை தீனி எடுப்பதில்லை. அதனால் படகு கண்ணுக்கு மறைகிற வரை அவன் கரையைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே போவது என்று ஏற்பாடு. படகில் இருந்த மற்றவர்கள் இப்போது சிரிப்பதில்லை. ஒருவன் தன் பங்குக்குக் கூப்பிட்டும் பார்த்தான், குஞ்சுகள் மதிக்கவில்லை.

கயிற்றை அவிழ்க்கப் போகிற நேரத்தில் ஒரு பைக் வந்து நின்றது. வல்லரசு. கையில் கோப்பும் காலிப்பரும். பைக்கின் பின்னால் கூடை கட்டியிருந்தது. தாய்ப் பறவையின் முதல் சரிபார்ப்பு இன்று, மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள், ஒரே நிமிஷம் அண்ணே என்று கும்பிட்டான்.

படகின் ஓரத்துக்கு வந்த சுப்புராயனுக்குக் காலை வெயிலில் வியர்த்து ஊற்றியது. முகத்தைத் துடைப்பதற்காக வழக்கம் போலக் கை தலைத் துண்டுக்குப் போனது.

முப்பது நாளாக அவனிடம் வாய் திறக்காத பவுனம்மாள் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படகுத்துறையின் விளிம்பு வரை ஓடி வந்தாள்.

“யோவ், துண்ட அவுத்துடாத,” என்றாள். “கொண்ட இல்லன்னு உன்னையும் கூடையில கவுத்து இட்டுகினு பூடுவான். அப்பால இதுங்களுக்கு யாருய்யா கீறாங்க?”